நாங்கள் நான்கு பேரும் வேண்டாம் என்றோம்

தொண்ணூற்றொன்றாம் வருடம் நான் பழமைவாதம் படித்துக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் அரசியல் எம்.ஏ., இரண்டாம் ஆண்டு. டிசம்பரில் பரீட்சை. பழுப்புத் தாளில் அச்சடித்த பாடக் கட்டுகள் தபாலில் வரும். அவற்றில் என்னை இழுத்துப் பிடித்தது அந்த ஒரு பாடம்தான். மனிதனின் அறிவு சிறியது, அதை நம்பிப் பழைய ஏற்பாடுகளை உடைக்கக் கூடாது. பல தலைமுறைகள் பழகிவந்த ஒன்றில் நமக்குத் தெரியாத காரணம் இருக்கும். மாற்றம் வேண்டும், ஆனால் மெதுவாக வேண்டும். இருபத்தைந்து வயதில் இதைப் படித்தபோது யாரோ என் அப்பாவைப் பக்கத்திலிருந்து கேட்டு எழுதியதுபோல் இருந்தது.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில். அப்போது அங்கே கம்பெனிகள் கிடையாது. ஏரி, நெல், சவுக்குத் தோப்பு, மழை வந்தால் சேறு. காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறி, ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு வரலாறு நடத்துவேன். மாலையில் மாமாவின் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பேன்.

அப்பா பரம்பரைக் கணக்குப்பிள்ளை. ஊரின் நிலம், வாய்க்கால், எல்லைக்கல் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பரம்பரைப் பதவிகளை அரசாங்கம் ஒரே உத்தரவில் ஒழித்துவிட்டது. இரண்டு ஆட்கள் வந்து பெட்டி பெட்டியாகக் கணக்குப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அப்பா சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவதே குறைந்தது. "ஒரே காயிதம்டா" என்பார். "ஒருத்தன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எந்த மடைய எப்ப தொறக்கணும்னு அந்தக் காயிதத்துக்குத் தெரியுமா?" புதிதாக வந்த நிர்வாக அதிகாரிக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு முறை கடைமடை வயல்கள் காய்ந்தன. அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

என் சிநேகிதன் ஒருவன் காலனியில் இருந்தான். கிறிஸ்தவக் குடும்பம். ஐ.டி.ஐ. படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. தினமும் ஒரே பஸ். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். சினிமா பேசுவோம், அவன் சூப்பர்வைசரைத் திட்டுவோம். திரும்பி வந்து ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் நான் தெரு வழியாகவும் அவன் ஓடைக்கரை வழியாகவும் போவோம். அப்படிப் போ என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவன் அம்மா எங்கள் வயலில் நாற்று நடுவார். என்னைச் 'சின்னய்யா' என்பார். நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். என்னைவிட முப்பது வயது மூத்தவர். இதை எழுதும்போதுதான் 'அவர்' என்று எழுதுகிறேன்.

நவம்பரில் நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் மதியம் அந்த அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சிநேகிதன் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரமாக வந்து நின்றான். தலையில் உரச்சாக்கை மடித்துக் கவிழ்த்திருந்தான்.

"அம்மா போயிடுச்சுபா. நேத்தே. பெட்டி செஞ்சாச்சு. எடுக்க வழி இல்ல."

காலனியின் கல்லறை ஓடைக்கு அந்தப் பக்கம். ஏரி நிரம்பினால் வழிகிற கலங்கல் தண்ணீரெல்லாம் அந்த ஓடையில்தான் போகும். மற்ற நாட்களில் முழங்கால் அளவு, நடந்து தாண்டிவிடுவார்கள். அன்று ஓடை கரையை உரசிக்கொண்டு ஓடியது. இன்னொரு வழி இருந்தது. ஊர்த் தெருவழியாகப் போய்ப் பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் ரோட்டுப் பாலம். பாலத்தைக் கடந்து திரும்பினால் கல்லறை. கால் மணி நேர நடை. காலனி ஆட்கள் பகலில் வேலை இருந்தால் தெருவில் வருவார்கள். அவர்கள் வீட்டுச் சாவு மட்டும் அந்தத் தெருவில் வந்ததில்லை.

"உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. அப்புறம் நீ முன்னாடி நட. நீ நடந்தா எவனும் கை வெக்க மாட்டான்."

"அப்பாகிட்ட பேசறேன்" என்றேன். இரண்டாவதாகக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அப்பா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாலையிலேயே ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்திருந்தார். பதவி போன பிறகும் மழைக்காலத்தில் அதை மட்டும் விடவில்லை. "கலங்கல் மேல ஒரு முழம் போவுது" என்றார், நான் கேட்காமலே. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எதிர்த்துப் பேசச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாவம், நல்ல பொம்பள" என்றார். "ஆனா தெருவுல வேணாம்டா. அவங்க ஒசத்தியா தாழ்த்தியான்னு நான் பேச வரல. ஒரு செவுத்துல எந்தக் கல்லு எதத் தாங்கிக்கினு கீதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு கல்ல உருவிப் பாக்கலாம்னு உருவக் கூடாது. காலம் வரும். தானா மாறும். உன் புள்ள காலத்துல எல்லாரும் ஒரே தெருவுல போவாங்க. இன்னிக்கி மழையில, அவசரத்துல, ஒரு சாவ வெச்சிக்கினு அத ஆரம்பிக்கக் கூடாது."

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். தெருவுக்குப் பின்னால் என் மாமாவின் தென்னந்தோப்பு பாலம் வரைக்கும் நீள்கிறது. அதன் வழியாக எடுத்துப் போகலாம். "உங்க மாமன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடினேன்.

மாமா கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். என் அம்மாவின் தம்பி. அப்பாவுக்கும் அவருக்கும் எப்போதும் வாக்குவாதம். அப்பாவின் ஆசாரங்களை அவர் கேலி செய்வார். கடையில் தனி டம்ளர் கிடையாது, காலனி ஆள் வந்தாலும் அதே பெஞ்சில் உட்கார வைத்து டீ சொல்வார். லைசென்சு, பர்மிட் எல்லாம் போகப்போகிறது என்று அந்த வருடம் ரேடியோவில் சொன்னதைக் கேட்டு ஊருக்கே மிக்சர் பொட்டலம் கொடுத்தவர். அரசாங்கம் ரோடு போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும், மற்றதில் தலையிட வேண்டாம் என்பது அவர் கட்சி. அவர் கட்டாயம் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"தெருவுல போறதுக்கு இன்னா? தாராளமா போவட்டும். தெரு என் அப்பன் வூட்டு சொத்தா?" என்றார். "தோப்பு மட்டும் முடியாது."

"ஒரே ஒரு வாட்டி, மாமா."

"ஒரு வாட்டி பொணம் போச்சுன்னா அது வழி. நாளைக்கி தாலுக்கா ஆபீசுல இருந்து ஒருத்தன் வருவான். 'பொதுவழி இருந்துச்சாமே'ன்னு கோடு போடுவான். அப்புறம் என் எடம் என் எடமா? நான் சம்பாரிச்சு வாங்கினதுடா அது. எவன் கொடுத்ததும் இல்ல. ஒருத்தன் வேலிக்குள்ள அவன் சொல்லாம கால் வெக்கக் கூடாதுன்றதத்தான் நான் நம்பறேன். அதுல சாவுக்கு ஒரு சட்டம், கல்யாணத்துக்கு ஒரு சட்டம்லாம் கெடையாது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். புத்தம் புது நைலான் கயிறு ஒரு சுருளும், ஒரு தார்ப்பாயும் எடுத்துவந்து என் கையில் வைத்தார். "பாவம், நனையாம எடுத்துக்கினு போவட்டும். திருப்பித் தர வேணாம்னு சொல்லு." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

கடை வாசலில் ஏட்டையா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தத் தகராறுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பஸ்ஸில் தெரியாத முகத்தைப் பார்த்தால்கூட எழுந்து நின்று விசாரிப்பார்.

"தம்பி, பழக்கம் கிழக்கம்லாம் எனக்குத் தெரியாது" என்றார். "தோப்பு அவரு இஷ்டம். நான் சொல்றது ஒண்ணுதான். இன்னிக்கி கும்பல் கூடாது. பெட்டி தெருவுல ஏறினா மேலத் தெருப் பசங்க ரெண்டு பேரு கட்ட எடுப்பானுங்க. அவங்க சைடுல நாலு பேரு எடுப்பானுங்க. ஜீப் வரும். அப்புறம் ஒரு வருசத்துக்கு எந்த வூட்டு ஆம்பளையும் வூட்ல படுக்க முடியாது. அமைதி இருந்தாத்தான் மத்ததெல்லாம். தண்ணி வடியட்டும், ஒரு நாள் பொறுக்கச் சொல்லு."

அதற்குள் இறந்து ஒரு நாள் ஆகப்போகிறது. வீடு ஒழுகுகிறது. இன்னொரு நாள் எப்படி வைத்திருப்பார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

மூன்று பேரும் மூன்று விதமாக யோசித்தார்கள் என்பது அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஒருவருக்குப் பழக்கம் பெரிது, ஒருவருக்குச் சொத்து, ஒருவருக்கு ஒழுங்கு. நான் படித்த பாடத்தின் உட்பிரிவுகள் எங்கள் ஊரில் வேட்டி கட்டி நிற்கின்றன என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலனிக்குப் போனேன். அவன் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. கூரைக்கு அடியில் நான்கு இடத்தில் பாத்திரம் வைத்திருந்தார்கள். பெட்டியை இரண்டு ஸ்டூல்களின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன், முப்பது வயதிருக்கும், செங்கல் சூளையில் வேலை செய்பவன், பெட்டியின் மூடியில் விழும் சொட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். சொட்டு விழும், துடைப்பான்.

சிநேகிதன் என்னை வெளியே கூட்டிவந்தான். "இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். கயிற்றையும் தார்ப்பாயையும் கொடுத்தேன். அவன் அவற்றையே பார்த்தான்.

"சரி. நீ இன்னா சொல்ற? நீ வர்றியா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"இத மொறப்படி பண்ணணும்பா. தாசில்தாருக்கு ஒரு மனு எழுதலாம். நானே எழுதறேன். கல்லறைக்கு நிரந்தரமா வழி கேப்போம். இன்னிக்கி மோதினா அது கெட்டுடும். படிப்படியா போவலாம். மெதுவா போனாத்தான் நிக்கும்."

"மனு எப்ப எழுதுவ?"

"இப்பவே."

அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதினேன். நல்ல தமிழ். மனிதாபிமானம், மரபு இரண்டுக்கும் இடம் கொடுத்து எழுதினேன். உள்ளே உபதேசியார் ஜெபம் சொல்வது கேட்டது. எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். அவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "மச்சான், ஓடையிலயே எடுத்துடலாம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மழை தூறலாகக் குறைந்திருந்தது. பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி ஆறு பேர் தூக்கினார்கள். கயிற்றின் ஒரு முனையை இந்தக் கரைப் பனைமரத்தில் கட்டி, நீந்தத் தெரிந்த ஒருவன் மறுமுனையைக் கொண்டுபோய் அந்தக் கரையில் கட்டினான். அவன் அக்கரை ஏறியதைப் பார்த்து எல்லோருக்கும் தைரியம் வந்தது. நான் கரையில் பெண்களோடு நின்றேன். ஆறு பேரில் என்னைக் கூப்பிடவில்லை. நானும் முன்னால் போகவில்லை.

இடுப்பு வரைக்கும் சரியாகத்தான் போனார்கள். நடு ஓடையில் முன்பக்கம் வலது கையில் இருந்த தங்கை புருஷன் சட்டென்று தாழ்ந்தான். அடியில் மணல் அரித்துப் பள்ளமாகியிருந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "வுடுங்க, பெட்டிய வுடுங்க!" என்று சிநேகிதன் கத்தினான். அவன் அம்மாவின் பெட்டியை விடச் சொல்லி அவனே கத்தினான். நான்கு பேர் விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். சிநேகிதன் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் இன்னொருவன் சட்டையையும் பிடித்துக்கொண்டான். தங்கை புருஷன் மட்டும் விடவில்லை. இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தான். அது அவனை இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் வரை அவன் தலை தெரிந்தது. பிறகு பெட்டி மட்டும் தெரிந்தது.

அவன் மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கத்தவில்லை. அவன் பெயரைச் சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுவதுபோல் ஒரு தடவை சொன்னாள்.

பெட்டி சாயங்காலம் கருவேலம் புதரில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. அவனை மறுநாள் காலை அடுத்த ஊர் மதகுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு ஏட்டையா சொன்ன ஜீப் வந்தது. தாலுக்கா அதிகாரிகள் வந்தார்கள். அவன் உடலைப் பிரேதப் பரிசோதனைக்காகக் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது வேனை ஓடை வழியாக ஓட்ட முடியாதே, ஊர்த் தெருவழியாகத்தான் வந்தது. பின்னாலேயே அந்த அம்மாவின் பெட்டியையும், போலீஸ் சொன்னதன் பேரில், அதே தெருவில் எடுத்து வந்தார்கள். ஏட்டையாவே பழைய காக்கிப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்து, ஒதுங்குங்க ஒதுங்குங்க என்று வழி விலக்கினார். யாரும் கட்டை எடுக்கவில்லை. எந்தச் சுவரும் விழவில்லை. பிள்ளையார் கோயிலில் யாரோ பாதிக் கதவைச் சாத்தினார்கள். மேலத் தெருவில் ஒரு பெண், தண்ணீர்க் குடத்தோடு நின்றவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தெரு காலியாகிவிட்டது.

நானும் கூடவே நடந்தேன். அன்று நடப்பதற்குத் தைரியம் எதுவும் தேவைப்படவில்லை.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி கடந்துபோகும்போது தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போது, "தண்ணி அவ்ளோ வேகமா கீதுன்னு யாருக்குடா தெரியும்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்ப்பா" என்றேன். "காலையில நீங்கதான் சொன்னீங்க. கலங்கல் மேல ஒரு முழம்னு."

அவர் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்துபோனார். அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்த ஊரில் அந்த ஓடையை அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை. ஒரு முழம் போனால் ஓடையில் மாடுகூட இறங்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எந்த அனுபவத்தை மதிக்க வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுக்கப் பேசினாரோ அந்த அனுபவம் அன்று காலையில் அவர் வாயிலேயே இருந்தது. அதைச் சொன்னார். ஆனால் யாருக்காகச் சொல்ல வேண்டுமோ அவர்களோடு சேர்த்து யோசிக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

டிசம்பரில் பரீட்சை எழுதினேன். அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தது. பழமைவாதத்தின் அடிப்படைகள், அதன் பல கிளைகள், அவற்றுக்குள் இருக்கும் முரண்பாடுகள். பக்கம் பக்கமாக எழுதினேன். கிளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு சண்டை போட்டாலும் கேட்கிறவன் கீழே நிற்கும்போது எல்லாம் ஒரே பதிலைச் சொல்லக்கூடும் என்று மட்டும் எழுதவில்லை. அதைப் பரீட்சைத் தாளில் எழுதுவதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

அந்தப் படிப்பை நான் தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பல வருடங்கள் கழித்து எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்தன. ஒரே உத்தரவில் வயல்கள் போயின, மேட்டைச் சமப்படுத்துகிறோம் என்று வரத்துக் கால்வாய்களை மூடினார்கள், அடுத்த பெருமழையில் காலனிதான் முதலில் மூழ்கியது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அது சரியாகவும் இருந்திருக்கும். மாமா தோப்பை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுத் தாம்பரம் பக்கம் போய்விட்டார். தன் வேலியைத் தானே பிடுங்க அவருக்கு உரிமை இருந்தது. கேட்காமல் எதையும் உடைக்காதே என்பதை இன்றும் நம்புகிறேன். யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலை நாங்கள் எங்களுக்கு வசதியாக எழுதிவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

சிநேகிதன் அந்தப் பொங்கலுக்கு முன்பே தங்கையையும் அவள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூருக்குப் போய்விட்டான். போகும்போது சொல்லவில்லை. பத்து வருடத்துக்கும் மேல் கழித்துச் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். பக்கத்தில் ஒரு புதுக் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. டீக்கடையில் நின்றோம். தங்கை ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறாள், மறுபடி கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள் என்றான்.

"நீ இன்னும் டுடோரியலா?"

"இல்ல. காலேஜுல இருக்கேன். அரசியல் எடுக்கறேன்."

தலையாட்டினான். டீயைக் குடித்து முடித்தான்.

"நீ அன்னிக்கி பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நான் உன்ன மன்னிச்சி வுட்டிருப்பேன்பா" என்றான். "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நீ பயம்னு சொல்லல. மெதுவா போவலாம்னு சொன்ன. அதத்தான் என்னால மறக்க முடியல."

அவன் டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பூந்தமல்லி பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினான். எனக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். என் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.